வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழிலுக்கு மூன்று குடும்பப் பெயர்கள் (விவாத இழை)

மணிமுத்தாறு:
எல் நினோவைப் பற்றிப் படிப்பவர்கள் 'வாக்கர் சுழற்சி' என்ற பெயரைத் தாண்டாமல் போக முடியாது. அந்த வானிலை அறிஞர் கில்பர்ட் வாக்கரின் குடும்பப் பெயருக்கு இணையத்தில் மூன்று விளக்கம் கிடைக்கிறது: அரசனின் காட்டைச் சுற்றி வந்த காவலர், ஊர் ஊராய் நடந்து விற்ற வியாபாரி, கம்பளித் துணியைக் காலால் மிதித்தவர். மூன்றாவதுதான் சரியென்று ஒரு தளம் சொல்கிறது. கூடவே ஃபுல்லர், டக்கர் என்ற பெயர்களும் அதே தொழில்தான் என்று ஒரு வரி. ஒரு வேலைக்கு எதற்கு மூன்று பெயர்? பெயரை வைத்து ஒருவரின் முன்னோர் எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்ல முடியுமா? தெரிந்தவர்கள் விரிவாக எழுதுங்கள். 'உங்கள் குடும்பச் சின்னம்' என்று கோப்பை விற்கும் தளங்களின் சுட்டி மட்டும் வேண்டாம்.

தேம்ஸ்கரை:
மிதித்தவர் என்பதே சரி. தறியிலிருந்து இறக்கிய கம்பளித் துணியை நீரில் போட்டு மிதித்து, அடித்து, இறுக வைப்பது தனித் தொழிலாக இருந்தது. அதைச் செய்தவரைத் தென்கிழக்கு இங்கிலாந்திலும் கிழக்குப் பகுதியிலும் ஃபுல்லர் என்றார்கள். தென்மேற்கில் டக்கர். வடக்கிலும் மேற்கு மிட்லண்ட்ஸிலும் வாக்கர். வேலை ஒன்றே, வட்டார வழக்குதான் வேறு.

ஃபுல்லர் லத்தீன் 'ஃபுல்லோ'விலிருந்து பழைய ஆங்கிலத்துக்கு வந்தது, பிறகு நார்மன் பிரெஞ்சும் அதற்கு வலு சேர்த்தது. டக்கரின் வேர் 'டூசியன்' என்ற பழைய ஆங்கில வினை. அதற்கு வதைத்தல் என்று பொருள். துணி படும் பாட்டைப் பார்த்தால் பொருத்தம்தான். வாக்கர் 'வெயல்கன்' என்பதிலிருந்து வந்தது. அதன் பொருள் உருட்டுதல், புரட்டுதல். இன்று நாம் அறிந்த 'நடத்தல்' என்ற பொருள் அந்த வினைக்கு 13ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் வலுத்தது. அதனால் வாக்கர் என்ற சொல்லில் 'நடப்பவர்' என்ற பொருளைத் தேடுவதே பின்னாள் பழக்கம்.

1881 கணக்கெடுப்பை வைத்துப் போட்ட பரவல் வரைபடங்களைப் பாருங்கள். ஃபுல்லர்கள் சசெக்ஸ், கென்ட், சஃபோக், நார்ஃபோக் பக்கம் குவிந்திருக்கிறார்கள். டக்கர்கள் டெவன், கார்ன்வால், சாமர்செட்டில். வாக்கர்கள் யார்க்‌ஷயர், லங்காஷயர், டர்பிஷயரில். ஐந்நூறு ஆண்டு இடம்பெயர்வுக்குப் பிறகும் இடைக்கால வட்டார வழக்கின் எல்லை அழியாமல் தெரிகிறது. அகராதிகளை விட இந்த வரைபடங்கள்தான் எனக்குப் பெரிய சாட்சி.

குறுக்கெழுத்து:
அப்படியானால் வாக்கர் என்றால் நம்மூர் வண்ணார்தானே? அதற்கு ஏன் இவ்வளவு சுற்று?

பாவு_ஊடை:
இல்லைங்க, இது சலவை இல்லை. உடுத்திய துணியை வெளுப்பது வண்ணார் வேலை. இவர்கள் கைக்கு வருவது தறியிலிருந்து அப்போதுதான் இறங்கிய புதுத் துணி. இவர்கள் வேலை முடியும்வரை அது விற்பனைக்கே தகுதியில்லாதது. பருத்தி பழகிய நமக்கு இது சட்டென்று பிடிபடாது, ஏனென்றால் பருத்தியில் இப்படி ஒரு கட்டமே கிடையாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கம்பளி இழையின் மேற்புறத்தில் மீன் செதிள் போல நுண்ணிய செதில்கள் உண்டு. எல்லாம் ஒரே திசை நோக்கியவை. ஈரமும் சூடும் பட்டு, மேலே அழுத்தமும் விழுந்தால் இழைகள் ஒரு திசையில் மட்டும் நகரும், திரும்பி வராது. பக்கத்து இழையோடு சிக்கிக்கொண்டு துணி சுருங்கி அடர்த்தியாகும். நல்ல அகலத் துணி பரப்பில் பாதிக்கும் மேல் சுருங்கிவிடும். அதனால்தான் நெசவாளர் விற்பனை அகலத்தை விட மிக அகலமான தறியில், இருவர் உட்கார்ந்து ஓடம் எறிந்து, தளர்வாக நெய்வார். தறியிலிருந்து வரும்போது வலை மாதிரி இருக்கும். மிதிப்பு முடிந்தால் பாவு, ஊடை என்ற நீள, குறுக்கு நூல்கள் கண்ணுக்குத் தெரியாது. காற்றும் மழையும் எளிதில் நுழையாது. வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது.

வேலை நடக்கும் விதம் இது. முதலில் துணியை வெளிச்சத்தில் விரித்து முடிச்சு, தூசு, குச்சி எல்லாவற்றையும் இடுக்கியால் எடுப்பார்கள். மிச்சம் இருந்தால் மிதிக்கும்போது அந்த இடத்தில் ஓட்டை விழும். அடுத்தது எண்ணெய் நீக்கம். கம்பளியைச் சிக்கெடுக்கும்போதும் நூற்கும்போதும் வெண்ணெயோ ஆலிவ் எண்ணெயோ தடவியிருப்பார்கள். அது போகாமல் துணி இறுகாது, சாயமும் ஏறாது. எண்ணெயை எடுக்க நாள்பட்ட மூத்திரம் பயன்பட்டது. புதியது உதவாது. வாரக்கணக்கில் மூடி வைத்தால் அதிலுள்ள யூரியா பாக்டீரியாவால் சிதைந்து அம்மோனியாவாகும். அந்தக் காரம் எண்ணெயோடு சேர்ந்து ஒருவகை சோப்பாகி நீரில் போய்விடும். யார்க்‌ஷயரில் வீடு வீடாகப் போய்ப் பீப்பாயில் சேகரித்தார்கள்.

அதன் பிறகு ஃபுல்லர்ஸ் எர்த், அதாவது நம் கடைகளில் முகத்துக்கு விற்கும் முல்தானி மிட்டியின் இனம். சர்ரேயில் நட்ஃபீல்டு, ரெட்ஹில் பக்கமும், பெட்ஃபோர்ட்ஷயரில் வோபன் பக்கமும் வெட்டி எடுத்தார்கள். துணித் தொழிலுக்கு அது எவ்வளவு முக்கியம் என்றால், 17ஆம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை இருந்தது. மண்ணை நீரில் கரைத்து, தெளியவிட்டு, அடியில் தங்கும் மணலை நீக்கித்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு பிடி மணல் கலந்தாலும் மிதிக்கும்போது இழை அறுந்து துணி கெடும்.

பிறகு தொட்டியில் இறங்கி மிதிப்பு. பெரிய துணி என்றால் இரண்டு மூன்று பேர், நாட்கணக்கில். இடையிடையே துணியை வெளியே எடுத்து உதறி, மடிப்பை மாற்றிப் போட வேண்டும். சோம்பல்பட்டு விட்டுவிட்டால் மடிப்பு மடிப்பாகவே இறுகிப்போகும். அந்தக் கோட்டை எந்த நீராவியாலும் நிமிர்த்த முடியாது. ஒரு பக்கம் அதிகம் மிதிபட்டால் அகலம் ஏறுக்குமாறாகும். கடைசியில் நீரில் நன்றாக அலசி, நீண்ட மரச்சட்டத்தில் வரிசையாக அடித்த கொக்கிகளில் மாட்டி இழுத்துக் காயவைப்பார்கள். அதற்கு டென்ட்டர் என்று பெயர். ஆங்கிலத்தில் தவிப்போடு காத்திருப்பதைக் 'கொக்கியில் மாட்டிய' நிலை என்பது இதிலிருந்துதான் வந்தது. அளவு கூட்டிக் காட்ட அளவுக்கு மீறி இழுப்பது பழைய மோசடி. முதல் மழையில் சட்டை சுருங்கிக் குட்டு வெளிப்படும். அதைத் தடுக்கவே பல சட்டங்கள் வந்தன.

குறுக்கெழுத்து:
தெளிவு. ஆனால் காட்டுக் காவலர் விளக்கத்தை ஏன் தூக்கிப் போடுகிறீர்கள்? அரசக் காடுகளின் பிரிவை ஆங்கிலத்தில் 'வாக்' என்றுதானே சொன்னார்கள்? அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் வாக்கர். தர்க்கம் சரியாக இருக்கிறதே.

தேம்ஸ்கரை:
தர்க்கம் சரி, காலம் இடிக்கிறது. அந்தப் பொருளில் 'வாக்கர்' பதிவுகளில் தலைகாட்டுவதற்கு முன்பே குடும்பப் பெயர் வேர்விட்டுவிட்டது. இன்னொரு சான்று: 1380களின் விக்லிஃப் விவிலியத்தில், இயேசுவின் ஆடை வெண்மையாகும் மாற்கு நற்செய்திப் பகுதியில், 'ஃபுல்லர் அல்லது துணி வாக்கர்' என்று இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். தெற்கத்தி வாசகருக்கு ஒன்று, வடக்கத்தி வாசகருக்கு ஒன்று. அக்காலத்தவருக்கு ஐயமே இருந்ததில்லை.

காடும் ஆடும் சேர்ந்த ஊரில் எங்கோ ஒரு காவலரின் பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நின்றிருக்கலாம். இங்கிலாந்தின் மிகப் பரவலான முதல் இருபது குடும்பப் பெயர்களில் ஒன்றை அது விளக்காது. துணி மிதிப்பவர் ஒவ்வொரு பள்ளத்தாக்கிலும் இருந்தார்.

வேடிக்கை என்னவென்றால், உலகம் அதிகம் பார்த்த வாக்கர் படமே பெயரைத் தவறாகப் படித்ததுதான். ஜானி வாக்கர் விஸ்கிப் புட்டியில் தொப்பியும் கைத்தடியுமாய் விறுவிறுவென நடக்கிறாரே, அவரை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்தார். பெயருக்குரிய ஜான் வாக்கர் ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் மளிகைக் கடை வைத்திருந்தவர். குடும்பப் பெயருக்கு நியாயமாக வரைந்திருந்தால் அந்த ஆள் முழங்கால்வரை மூத்திரத் தொட்டியில் நின்றிருப்பார். விஸ்கி விற்காது.

பழைய_ஏடு:
பெயரின் வரலாற்றை ஆவணத்தில் தேடப் போகிறவர்களுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. இடைக்கால எழுத்தர்கள் லத்தீனில் எழுதினார்கள். தொழில் பெயரை மொழிபெயர்த்துவிடுவார்கள். ஊரார் வாக்கர் என்று கூப்பிட்டாலும், டக்கர் என்று கூப்பிட்டாலும், ஏட்டில் 'ஜொஹானஸ் ஃபுல்லோ' என்றுதான் விழும். இதை அப்படியே எடுத்துக்கொண்டு 'ஃபுல்லர் பெயரின் மிகப் பழைய பதிவு' என்று பட்டியல் போடும் தளங்கள் ஏராளம். அந்த ஜான் எந்த மாவட்டத்துக்காரர் என்று பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. டெவனில் எழுதிய ஏடு என்றால் அவர் பெரும்பாலும் டக்கர், வடக்கே வேக்ஃபீல்டு பண்ணை நீதிமன்ற ஏடு என்றால் வாக்கர்.

இன்னொன்று, 1300இல் ஒருவர் வாக்கர் என்றால் அது அவர் தொழில் மட்டுமாக இருக்கலாம். மகன் தச்சனானால் அவனுக்கு வேறு பெயர். தெற்கில் 1350 வாக்கில் பெரும்பாலான குடும்பங்களில் பெயர் பரம்பரையாகிவிட்டது, வடக்கில் அதற்கு இன்னும் நூறு ஆண்டு பிடித்தது. இதைச் சோதிக்க மிக அருமையான ஆவணம் 1379 தலைவரிப் பட்டியல், குறிப்பாக யார்க்‌ஷயரின் வெஸ்ட் ரைடிங் பகுதி. சாதாரணத் தம்பதிக்கு வரி 4 பென்னி. கைவினைஞருக்கு 6 பென்னி, வசதியானால் அதற்கு மேலும். அதிக வரி கட்டியவரின் தொழிலைப் பெயருக்குப் பக்கத்தில் குறித்திருப்பார்கள். பெயரும் தொழிலும் வேறு வேறாக இருந்தால் பெயர் அப்பனிடமிருந்து வந்தது என்று அறியலாம். இரண்டும் ஒன்றாக இருந்தால் முடிவு சொல்ல முடியாது.

மணிமுத்தாறு:
பாவு_ஊடை, காலால் மிதிப்பது எப்போது நின்றது? நீராலை வந்த பிறகும் வாக்கர் என்றே கூப்பிட்டார்களா?

பாவு_ஊடை:
ஆம், அப்படியேதான். இங்கிலாந்தில் மிதிப்பு ஆலையின் மிகப் பழைய குறிப்புகள் 1185இல் டெம்ப்ளர் சபை என்ற கிறிஸ்தவப் போர்வீரத் துறவியர் அமைப்பு தன் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது வருகின்றன. ஒன்று லீட்ஸ் அருகே நியூசம், இன்னொன்று காட்ஸ்வோல்ட்ஸ் மலைப்பகுதியில். நீர்ச்சக்கரத்தின் அச்சில் முட்டுக்கட்டைகள் பதித்திருப்பார்கள். அச்சு சுற்றும்போது அவை இரண்டு கனத்த மரச் சம்மட்டிகளை மாறி மாறித் தூக்கி விடும். சம்மட்டி துணியை அடிப்பதோடு தொட்டிக்குள் மெல்லச் சுழலவும் வைக்கும்படி அதன் முகம் படிக்கட்டாகச் செதுக்கப்பட்டிருக்கும். நாட்கணக்கான வேலை சில மணி நேரத்திலிருந்து ஒரு நாளுக்குள் முடிந்தது, ஒரே ஆள் போதும். லண்டனில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. நகரத்துத் துணியை வெளியே ஸ்ட்ராட்ஃபோர்டு ஆலைக்கு அனுப்புகிறார்கள் என்று 1298இலேயே புகார் பதிவாகியிருக்கிறது.

ஆக, பரம்பரைப் பெயர்கள் நிலைக்கும் காலத்திலேயே பல 'வாக்கர்கள்' கால் நனைக்காத ஆலைக்காரர்கள். ஆலைக்கும் அதே பெயர்தான் ஒட்டியது: வடக்கில் வாக் மில், கார்ன்வாலில் டக்கிங்மில் என்று ஓர் ஊரே இருக்கிறது. வேல்சில் ஆலைக்குப் 'பண்டி' என்று பெயர். சுரங்கப் போராட்டத்தால் தெரிந்த டோனிபண்டி ஊர்ப்பெயரின் பின்பாதி அதுதான். எக்ஸிடர் நகரில் 1471இல் கட்டிய டக்கர்ஸ் ஹால் இன்றும் நிற்கிறது, நெசவாளர், மிதிப்பவர், கத்தரிப்பவர் மூவரும் சேர்ந்த சங்கத்தின் கூடம். அந்த ஊரில் 'ஃபுல்லர்ஸ் ஹால்' என்று வைக்கவில்லை, கவனியுங்கள். காலால் மிதிப்பது அடியோடு நின்றதா என்றால், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் பெண்கள் பலகையைச் சுற்றி உட்கார்ந்து பாட்டுப் பாடியபடி துணியை அடித்து இறுக்குவது 20ஆம் நூற்றாண்டு வரை இருந்தது.

நெல்லைச்சீமை:
இழையைப் படித்தபோது பாளையங்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. சாராள் தக்கர் கல்லூரி என்று நாம் எழுதும் அந்தத் 'தக்கர்' இந்த டக்கர்தானே?

தேம்ஸ்கரை:
எழுத்தில் அதே பெயர்தான். சென்னையில் சர்ச் மிஷனரி சங்கத்தின் செயலராக இருந்த ஜான் டக்கரின் சகோதரி சாரா டக்கர். திருநெல்வேலிப் பெண்களின் கல்விக்காக இங்கிலாந்தில் இருந்தபடியே உழைத்தார், இங்கே வந்ததில்லை. அவர் நினைவாகத் தோழியர் திரட்டிய பணத்தில் எழுந்த பள்ளி 1895இல் கல்லூரியானது. அவர் குடும்பம் டெவன் வழியா என்பதற்குப் பெயர் மட்டும் போதாது, பழைய_ஏடு சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

கில்பர்ட் வாக்கருக்கும் ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறைத் தலைவராக இருந்தார். அடிப்படையில் கணித மேதை, 1889இல் கேம்பிரிட்ஜின் சீனியர் ராங்க்ளர், அதாவது கணிதத் தேர்வில் முதலிடம். 1913 பிப்ரவரியில் சென்னைக்கு வந்தபோது துறைமுகக் கழக எழுத்தர் ஒருவரின் கணக்குகளைக் காட்டினார்கள். 26ஆம் தேதி பல்கலைக்கழகப் பதிவாளருக்கு அந்த எழுத்தருக்கு ஆதரவாகக் கடிதம் எழுதினார். ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்ததில் அந்தக் கடிதத்துக்கும் பங்குண்டு. மணிமுத்தாறு கேட்ட கேள்விக்கு வந்தால், அவர் பிறந்த ஊர் லங்காஷயரின் ராச்டேல், கம்பளி ஃபிளானலுக்குப் பேர்போன இடம். பெயரும் ஊரும் இவ்வளவு பொருந்துவது எப்போதும் கிடைக்காது.

பழைய_ஏடு:
பொருந்தும் கணக்கில் இன்னும் சிலர். உரசினால் பற்றும் தீக்குச்சியை 1827இல் முதலில் விற்ற மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர், ஸ்டாக்டன்-ஆன்-டீஸ், வடகிழக்கு. காப்புரிமை எடுக்காமல் விட்டார், லாபத்தை வேறு ஆட்கள் பார்த்தார்கள். மேஃபிளவர் கப்பலில் 1620இல் அமெரிக்காவுக்குப் போன சாமுவேல், எட்வர்ட் ஃபுல்லர் சகோதரர்கள் நார்ஃபோக்கின் ரெடன்ஹாலைச் சேர்ந்தவர்கள். வில்லியம் கேரியை வங்காளத்துக்கு அனுப்பிய பாப்டிஸ்ட் மிஷன் சங்கத்தின் முதல் செயலர் ஆண்ட்ரூ ஃபுல்லர், கேம்பிரிட்ஜ்ஷயர் விக்கனில் பிறந்தவர். எல்லாம் ஃபுல்லர் நிலம்.

சசெக்ஸில் பிரைட்லிங் ஊரின் ஜான் ஃபுல்லர், 'பைத்தியக்கார ஜாக்', தனி ரகம். பீரங்கி வார்த்த இரும்புப் பட்டறையும் ஜமைக்காத் தோட்டங்களும் குடும்பச் சொத்து. நாடாளுமன்றத்தில் அடிமை முறையை ஆதரித்தார். தனக்குக் கல்லறையாகப் பிரமிட் கட்டிக்கொண்டார். அதே கையால் லண்டனின் ராயல் இன்ஸ்டிடியூஷன் என்ற அறிவியல் நிறுவனத்துக்கு நிதி தந்தார். 1833இல் அவர் பெயரிலான ஃபுல்லேரியன் வேதியியல் பேராசிரியராக முதலில் அமர்ந்தவர் மைக்கேல் ஃபாரடே. 'ஃபுல்லரீன்' என்ற கார்பன் மூலக்கூறுக்கும் இவருக்கும் தொடர்பில்லை, மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள். அது 1985இல் கண்டறியப்பட்டு, கோளக் கூரைகளை வடிவமைத்த அமெரிக்கர் பக்மின்ஸ்டர் ஃபுல்லரின் பெயரைப் பெற்றது.

குறுக்கெழுத்து:
பொருந்துகிறவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால் எந்தக் கொள்கையும் அழகாகத்தான் இருக்கும். பொருந்தாதவர்களைக் காட்டுங்கள்.

தேம்ஸ்கரை:
நியாயமான கேள்வி. அட்லாண்டிக் தீவான பெர்முடாவின் டக்கர்களை எடுத்துக்கொள்ளுங்கள். 1616இல் அங்கே ஆளுநராகப் போன டேனியல் டக்கர் கென்ட்காரர், ஃபுல்லர் வட்டாரம். ஆனால் அந்தக் குடும்பத்தின் பழைய வம்சாவளி டெவனுக்குப் போகிறது. அதாவது ஒரு தலைமுறை இடம்பெயர்ந்தாலே வரைபடம் பொய் சொல்லும். அதே பெர்முடாக் குடும்பத்தில் 1771இல் பிறந்த ஹென்றி செயின்ட் ஜார்ஜ் டக்கர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைவர் நாற்காலியில் இரண்டு முறை உட்கார்ந்தார். பிரிட்டனின் சுங்கக் கொள்கை இந்தியாவை உற்பத்தி நாட்டிலிருந்து விவசாய நாடாக இறக்கிவிட்டது என்று 1823இலேயே எழுதியவர் அவர். துணித் தொழிலின் பெயரைச் சுமந்தவர் துணித் தொழிலின் வீழ்ச்சியைப் பற்றி எழுதியது தற்செயல்தான், பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடியோடு பொருந்தாதவர்கள் வேறு. பாடகி சோஃபி டக்கர் உக்ரைன் யூதக் குடும்பத்தவர், பிறந்த பெயர் சோஃபியா கலிஷ். கணவர் பெயர் டக், அதை நீட்டி டக்கர் ஆக்கினார். அயர்லாந்தில், அங்குள்ள பழைய மொழியான கேலிக்கின் ஓ துவாகிர் என்ற பெயரை ஆங்கில எழுத்தர்கள் சில இடங்களில் டக்கர் ஆக்கினார்கள். அதற்கும் துணிக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் நேர்மாறு: மக் அன் உகதர் என்றால் 'மிதிப்பவர் மகன்'. அது அப்படியே பொருள் பெயர்ந்து வாக்கர் ஆனது. தொழில் சரி, ஆனால் யார்க்‌ஷயர் வேர் கிடையாது. நியூகாசில் அருகே வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது, ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய சதுப்பு என்று பொருள். அந்த ஊர்ப்பெயரால் வாக்கர் ஆனவர்களும் உண்டு.

அமெரிக்காவில் கணக்கே மாறிவிடும். கூந்தல் பொருட்களால் பெருஞ்செல்வம் சேர்த்த மேடம் சி. ஜே. வாக்கர் 1867இல் சாரா பிரீட்லவ் என்று பிறந்தவர், வாக்கர் கணவர் பெயர். அடிமை முறையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் பலருக்கு ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் வந்த வழி வேறு. அங்கே பெயரின் சொற்பிறப்பு குடும்பத்தின் கதையைச் சொல்லாது. டக்கர்களில் பொறியியல் படித்தவர்கள் அறிந்த கரூஷ்-குன்-டக்கர் நிபந்தனைகளின் ஆல்பர்ட் டக்கர் கனடாவில் பிறந்தவர். 'கைதியின் சிக்கல்' என்ற கணிதப் புதிருக்கு அந்தப் பெயரை வைத்தவரும் அவர்தான். 1948இல் 51 கார்களோடு நின்றுபோன டக்கர் கார் கம்பெனியின் பிரெஸ்டன் டக்கரும் அமெரிக்கர். இவர்களுடைய வேரைப் பெயரிலிருந்து ஊகிப்பது வீண்.

மணிமுத்தாறு:
டக்கர் 'தூ கேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து, 'முழு நெஞ்சம்' என்ற பொருளில் வந்ததாகவும் ஒரு இடத்தில் பார்த்தேன்.

தேம்ஸ்கரை:
குடும்பப் பெருமைக்காகக் கட்டிய கதை. மூத்திரத் தொட்டியை விட வீர நெஞ்சம் கௌரவம் இல்லையா? 'லெ டூக்கர்' என்று முன்னொட்டோடு வரும் பதிவுகள் தென்மேற்கில் நிறைய. 'லெ' வந்தாலே தொழில் அல்லது குணம். 'முழு நெஞ்சம்' என்ற சொற்றொடருக்கு முன்னால் 'லெ' நிற்காது.

நெல்லைச்சீமை:
சரி, ஒருவர் கையில் வாக்கர் என்ற தாத்தாவின் பெயர் மட்டும் இருக்கிறது. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இது சகஜம். எங்கிருந்து ஆரம்பிக்க வேண்டும்?

பழைய_ஏடு:
பெயரின் பொருளிலிருந்து ஆரம்பிக்கவே கூடாது. கைக்கு எட்டும் தலைமுறையிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இந்தியாவில் பிறந்தவர் என்றால் முதலில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள். சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றின் நகல்கள் அங்கே தனித்தனித் தொடராக இருக்கின்றன. பட்டாளத்தில் வந்தவர் என்றால் சேர்ப்புப் பதிவேட்டில் பிறந்த ஊர் கிடைக்கும். அந்த ஊர்ப்பெயர் கிடைப்பதுதான் பாலம். கிடைக்காவிட்டால் இங்கிலாந்துப் பக்கம் போய்ப் பயனில்லை, ஆயிரக்கணக்கான ஜான் வாக்கர்கள் காத்திருப்பார்கள்.

அங்கே போன பிறகு: பிறப்பு, இறப்பு, திருமணச் சிவில் பதிவு 1837 ஜூலை 1 முதல். பெயர் வாரியான கணக்கெடுப்பு 1841 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை. 1841இல் பதினைந்து வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்குக்குக் கீழிறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள், 34 வயதுக்காரர் 30 என்று இருப்பார். அதை நம்பிப் பிறந்த ஆண்டைக் கணக்கிட்டால் வேறொருவரின் தாத்தாவைப் பிடிப்பீர்கள். பிறந்த திருச்சபை வட்டாரம் 1851 முதல்தான் பதிவானது. அதற்கும் முன்னால் திருச்சபைப் பதிவேடுகள், தொடக்கம் 1538. முதல் அறுபது ஆண்டுத் தாள் ஏடுகள் பல இடங்களில் அழிந்துவிட்டன. 1752க்கு முன் ஆண்டு மார்ச் 25இல் பிறந்தது, ஆகவே 1720 பிப்ரவரி என்று ஏட்டில் இருந்தால் இன்றைய கணக்கில் 1721. தங்கை அண்ணனுக்கு முன் பிறந்ததாகத் தோன்றினால் முதலில் இதைச் சரிபாருங்கள்.

எழுத்துக்கூட்டலிலும் கவனம். டக்கர் என்பதை டூக்கர், டௌக்கர் என்றும் எழுதுவார்கள், அதே எழுத்தர் அதே பக்கத்தில்கூட. தேடுபொறியில் துல்லியத் தேடலை அணைத்துவிடுங்கள்.

குறுக்கெழுத்து:
டிஎன்ஏ பரிசோதனை செய்தால் ஒரே நாளில் முடிந்துவிடாதா?

பழைய_ஏடு:
அரிய பெயர்களுக்குப் பலன் தரும். ஒரே மூதாதையரிடமிருந்து வந்த பெயர் என்றால் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும் ஒய் குரோமோசோம் பெரும்பாலும் ஒத்துப்போகும். வாக்கர், ஸ்மித் போன்ற தொழில் பெயர்கள் ஒரே காலத்தில் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியாக முளைத்தவை. இரண்டு வாக்கர்களை எடுத்துச் சோதித்தால் தெருவில் போகும் இருவரைச் சோதித்த மாதிரிதான் இருக்கும். ஏட்டில் கண்டுபிடித்த உறவை உறுதிசெய்ய உதவும், புதிதாகக் கண்டுபிடிக்க உதவாது. குலச்சின்னமும் அப்படியே. அது ஒருவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் தரப்படுவது, ஒரு குடும்பப் பெயருக்கென்று சின்னம் கிடையாது.

மணிமுத்தாறு:
இன்னும் ஒரே ஒரு கேள்வி. வாக்கர்கள் மட்டும் ஏன் இவ்வளவு அதிகம்? ஃபுல்லரும் டக்கரும் அந்த வரிசையில் அருகில்கூட வரவில்லையே. தென்மேற்கிலும் கிழக்கிலும் துணித் தொழில் சிறியதா என்ன?

பாவு_ஊடை:
சிறியதே இல்லை. 15, 16ஆம் நூற்றாண்டில் சஃபோக்கும் டெவனும் யார்க்‌ஷயரை விடப் பணக்காரத் துணி வட்டாரங்கள். பெயர்கள் நிலைத்த காலத்துத் தொழில் அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் விடை வராது.

தேம்ஸ்கரை:
நான் பார்க்கும் பெரிய காரணம் பரப்பளவும் பிற்கால மக்கள்தொகையும். வாக்கர் வழங்கிய நிலப்பகுதி மூன்றிலும் பெரியது, ஸ்காட்லாந்தும் அதோடு சேரும். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை வெடித்தது லங்காஷயரிலும் வெஸ்ட் ரைடிங்கிலும்தான். அங்கிருந்த எல்லாக் குடும்பப் பெயர்களும் சேர்ந்தே பெருகின. அதே காலத்தில் டெவனும் சஃபோக்கும் தேங்கின.

நெல்லைச்சீமை:
மிதித்த பிறகு கத்தரிப்பவர் என்று எக்ஸிடர் சங்கத்தில் ஒருவரைச் சொன்னீர்களே, அந்தப் பெயரும் நின்றதா?

பாவு_ஊடை:
நன்றாகவே நின்றது. மிதித்துக் காய்ந்த துணியின் மேல் டீசில் என்ற செடியின் கொக்கி முள் நிறைந்த காய்ந்த பூத்தலையால் வாரி மயிரெழுப்புவார்கள். எரிபொருள் டீசல் அல்ல, சாமர்செட்டில் பயிராக வளர்த்த முட்செடி. எழும்பிய மயிரை, ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவான, பதினெட்டுக் கிலோ அளவு கனமுள்ள கத்தரியால் ஒரே மட்டமாக வெட்டுபவர் ஷியர்மன். ஷெர்மன், ஷார்மன், ஷியரர் எல்லாம் அதன் பிள்ளைகள். ஷியரர் சில இடங்களில் ஆட்டு மயிர் கத்தரித்தவராகவும் இருக்கலாம். நூற்பதற்கு முன் கம்பளியைச் சிக்கெடுத்தவர் டோசர். சாயமிட்டவர் தெற்கில் டையர், வடக்கில் லிஸ்டர். லண்டனில் மிதிப்பவர்களும் கத்தரிப்பவர்களும் வெகுகாலம் எல்லைச் சண்டை போட்டுவிட்டு 1528இல் கிளாத்வொர்க்கர்ஸ் கம்பெனி என்று ஒன்றானார்கள். யார்க்‌ஷயரில் 1812இல் கத்தரி இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தவர்களும் இந்தக் கத்தரிப்புத் தொழிலாளிகள்தான். அதற்குத் தனி இழை திறங்கள், இங்கே போட்டால் தலைப்பு மாறிவிடும்.